பொய்யிரைக்குக் கண் எழுதுதல்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியே ஒகேனக்கல் செல்லும் பாதையிலுள்ள இண்டூர் வாசிகளுக்குத் தூண்டிலும் வீச்சுவலையும் புதியனவல்ல. காவிரி வெகுதூரமன்று, நல்ல மழை பெய்த ஆண்டுகளில் ஏரிகளில் விராலும் கிடைக்கும். ஆயினும், தூண்டில் முள்ளின்மேல் இறகு, மயிர், பட்டுநூல் முதலியவற்றைச் சுற்றி, பூச்சியைப் போலவோ மீன்குஞ்சைப் போலவோ செய்யப்படும் பொய்யிரை நம்மவர்க்குச் சற்றே புதிது. ஆங்கிலேயர் இதனை 'ஈ' என்றே அழைப்பர். மதராஸ் சிவில் உத்தியோகத்திலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றி 1873-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிணைக்கவல்ல நெசவாளர் கைக்கு இவ்வேலை எளிதில் படியும். இதனால் வருமானம் பெருகிவிடும் என்று நாம் கூற வரவில்லை. ஓய்வுநேரக் கைவேலையாகச் சிலர் மேற்கொண்டிருப்பதால், அதில் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறோம். அது பொய்யிரையின் கண்.

பெரிய மீன் சிறிய மீனைத் துரத்துகையில் தலைப்பக்கத்தையே குறிவைப்பது பெரும்பான்மை. ஆகவே கண்ணுள்ள பொய்யிரை நன்கு கவரும் என்பது தூண்டில்காரர்களின் நெடுநாளைய நம்பிக்கை. முற்காலத்தில் மேனாட்டார் இதற்கு நாடியது நமது மலைக்காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகையே. மெழுகு பூசினாற்போல் பளபளக்கும் அவ்விறகின் வெள்ளை, மஞ்சள் புள்ளிகள் கண்போலவே தோன்றும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அப்பறவை காக்கப்பட்டுள்ளது. அதைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும் இறகை விற்பதும் குற்றமாகும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளவுசர் என்பவர், 1980-களில் உலோகக் கண் வைத்த ஒரு மீன்குஞ்சுப் பொய்யிரையை அமைத்துப் புகழ் பெற்றார். அக்கண்ணின் வடிவம் உடுக்கையை ஒத்தது: இடை சிறுத்து, இரு முனைகளும் பருத்திருக்கும். முள்ளின் தண்டில், கூர்முனை இருக்கும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தில் அதனை வைத்து, எட்டு என்ற எண்ணின் வடிவில் நூலால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டுவர். நீரில் விழுந்ததும் பாரமான அப்பக்கம் கீழாகப் புரள, முள்ளின் கூர் மேல்நோக்கி நிற்கும். ஒகேனக்கல்லைப் போன்ற பாறை நிறைந்த நீரில் முள் அடியிற் சிக்கி அறுவது இதனாற் குறையும். மேலும், தலை கனத்திருப்பதால் நூலை இழுத்து நிறுத்துந்தோறும் பொய்யிரை குதித்தும் தாழ்ந்தும் மீன்குஞ்சுபோலச் செல்லும்.

இங்கேதான் நாம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கிளவுசர் பயன்படுத்தியது ஈயம். நம்மவர் வீச்சுவலையின் விளிம்பிலும் ஈயக்குண்டுதான். அங்கத்தினர் ஒருவரது இல்லத்தில், பழைய வலையின் குண்டுகளைச் சமையலடுப்பிலேயே உருக்கிக் கண் வார்ப்பதை நாம் கண்டோம்; குழந்தைகள் அருகிலிருந்து வேடிக்கை பார்த்தனர். ஈயம் 327 பாகை சென்டிகிரேடிலேயே உருகிவிடுவதால் வீட்டடுப்பே இதற்குப் போதும் என்பது உண்மை. ஆனால் மேலே படியும் கசடும், அராவும்போது உதிரும் தூளும் தரையிலும் பாத்திரத்திலும் தங்கி, கைவழியே வாய்க்குட் செல்லும். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அதன் தீங்கு மூளை வளர்ச்சியையும் படிப்பையும் பற்றியது. வர்ணம் பூசிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கின்றனர். பாறையில் நாலுமுறை மோதினால் வர்ணம் பெயர்ந்துவிடும்; அறுந்த பொய்யிரை நீரடியிற் கிடக்கும். கீழே கிடந்த ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்ததன் பேரில், பிரிட்டனில் 1987-ஆம் ஆண்டு முதல் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயத்தின் விற்பனை தடுக்கப்பட்டது. மிக நுண்ணிய குண்டுகளுக்கு மட்டும் விலக்குண்டு. கனடாவின் தேசியப் பூங்காக்களிலும் 1997-இல் சிறு ஈயக்குண்டுகள் விலக்கப்பட்டன.

ஈயத்திற்குப் பதில் பித்தளை போதுமானது. ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3, பித்தளையினது ஏறக்குறைய 8.5. அதே பருமனில் எடை முக்கால் பங்குதான் என்றாலும், விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் எடை சமமாகிவிடும். சிறு பித்தளைக் கம்பியைக் கடைசல் பட்டறையில் கொடுத்தால் உடுக்கை வடிவில் கடைந்து தருவர். பலர் சேர்ந்து கொடுப்பின் கூலி குறையும். அதுவும் வேண்டாமெனில், சாவிக்கொத்தில் கோக்கும் மணிச்சங்கிலியில் இரண்டிரண்டு மணிகளாக வெட்டிக்கொள்ளலாம். அவை உள்ளே கூடானவை, இலேசானவை. ஆழமற்ற ஏரிநீருக்கு ஏற்றவை.

வர்ணம் தீட்டுவதில் பொறுமையே முக்கியம். முதலில் உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடைக்க வேண்டும். விரல் பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாது. மூங்கிற் சிம்பின் நுனியைப் பிளந்து, கண்ணின் இடையை அதிற் செருகி வரிசையாக மணலில் நட்டுக்கொண்டால் இருபது கண்களை ஒரே சமயத்திற் பூசலாம். முதற்பூச்சு வெள்ளை, பித்தளைமேல் நேரே மஞ்சளைப் பூசினால் நிறம் மங்கிவிடும். அது ஓரிரவு உலர்ந்தபின் மஞ்சளோ சிவப்போ பூசவும். அதுவும் உலர்ந்தபின் ஆணித்தலையைக் கறுப்பு வர்ணத்தில் தொட்டு, நடுவில் ஒரே ஒற்றாக ஒற்றினால் வட்டமான கண்மணி அமையும். தூரிகையால் எழுதினால் இவ்வளவு வட்டம் வராது. கண்மணி பெரிதாகவே இருக்கட்டும். மீன்குஞ்சுகளின் கண் உடலளவுக்குப் பெரியது.

இறுதியில் நிறமற்ற நகப்பூச்சைப் பூசுவர். எனாமல் முழுதும் உலருமுன் இதனைப் பூசினால் அடியிலுள்ள வர்ணம் இளகிச் சுருங்கும். இரண்டு நாள் பொறுப்பது நலம். இரு குழாய்களிலிருந்து கலந்து பூசும் கெட்டிப் பசை இன்னும் நெடுநாள் நிற்கும். வர்ண டப்பாவையும் பார்த்து வாங்க வேண்டும். 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்பது விதி. பரணில் கிடக்கும் பழைய டப்பாவுக்கு அந்த உறுதி இல்லை.

ஆற்றில் இறங்குமுன் ஒரு விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காவிரிக்கரைக் காடுகளில் ஒரு பகுதி 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அங்கே அனுமதியின்றித் தூண்டிலிடலாகாது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. வேறெங்கேனும் அது சிக்கினால் நீரிலிருந்து தூக்காமலே விடுவித்தல் வேண்டும். பொய்யிரை கட்டும்போதே முள்ளின் பின்னோக்கிய கூரை இடுக்கியால் அழுத்தி மழுக்கிவிட்டால், மீனின் வாய் கிழியாமல் முள் கழன்று வரும்.