ஹில்பிரோவில் அயலான்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் மாநகருக்குச் செல்லும் தமிழர் பலர் ஆங்குக் காண விழையும் இடங்கள் இரண்டு. ஒன்று, பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டம். சத்தியாக்கிரக அறப்போரில் சிறைசென்று மீண்டு, நோயுற்று, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையும், அவருக்கு ஐந்தாண்டு முன்னர் அதே போரில் மாண்ட நாகப்பனும் துயில்கொள்ளும் நிலம் அது. இருவரும் இருபதாவது அகவையைக் காணாதவர். மற்றொன்று, அதற்குக் கிழக்கே மேட்டின்மீது நிற்கும் பழைய கோட்டைச் சிறை. காந்தியடிகள் 1908-இலும், நெல்சன் மண்டேலா 1962-இலும் அடைபட்டிருந்தது அங்கேயே. விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்தெடுத்த செங்கற்களையும் கொண்டு, நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தை அம்மேட்டிலேயே எழுப்பி, 2004-இல் திறந்தனர்.

இவ்விரண்டையும் கண்டு வெளிவரும் அயலான், பொழுது இன்னும் மிகுதியாக இருத்தலைக் காண்கிறான். கிழக்கே 269 மீட்டர் உயரமுள்ள ஹில்பிரோக் கோபுரம் கைக்கெட்டும் தொலைவில் நிற்பதுபோல் தோன்றுகிறது. சற்று நடந்து வருவோமே என எண்ணிக் கைபேசியில் வழிபார்த்தவாறே இறங்கிவிடுகிறான். அவன் செய்யத் தகாத செயல் இதுவே. ஏன் தகாது என்பதையும், செல்லவே வேண்டுமாயின் எவ்வாறு செல்வது என்பதையும் இக்கட்டுரையிற் கூற முயல்கின்றேன்.

ஹில்பிரோ ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அச்சிறு நிலத்தில் 74,000-க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். இத்துணை நெருக்கம் எவ்வாறு நேர்ந்தது? 1886-இல் பொன் கண்டெடுக்கப்பட்டதனால் தோன்றிய நகரம் ஜோகன்னஸ்பர்க். அதன் நடுவே, வானளாவிய அடுக்குமாடி வீடுகளும் சிற்றுண்டிச் சாலைகளும் நிறைந்து, ஐரோப்பிய இளைஞர் விரும்பி வாழ்ந்த பகுதியாக ஹில்பிரோ இருந்தது. 1950-இல் இயற்றப்பட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அப்பகுதியை வெள்ளையர்க்கே உரித்தாக்கிற்று. எனினும் 1970-களின் பிற்பகுதி தொட்டு, வேறிடத்தில் வீடு கிடையாத இந்தியரும், கலப்பினத்தவரும், கறுப்பினத்தவரும் வெள்ளையர் ஒருவர் பெயரில் வாடகைச் சீட்டு எழுதி இங்குக் குடிபுகுந்தனர். சட்டத்துக்கு ஒளிந்து வாழ்பவன் வாடகை மிகுதி என்றோ, மின்தூக்கி ஓடவில்லை என்றோ எங்குச் சென்று முறையிடுவான்? அவன் வாய் திறவான் என்பது வீட்டுடையார்க்கு நன்கு தெரியும். வாடகையை உயர்த்தினர், பழுது பார்ப்பதை விட்டனர். வங்கிகளும் இப்பகுதிக் கட்டடங்களுக்குக் கடன் கொடாது கைவிட்டன. நிறவெறி ஆட்சி ஒழிந்த 1990-களில் உடையவர் பலர் கட்டடங்களை அப்படியே விட்டு நீங்கவே, சிலவற்றைக் கயவர் கூட்டத்தார் கைப்பற்றித் தாமே வாடகை தண்டலாயினர்.

ஹில்பிரோவை அடுத்துள்ள பெரேயாவில் நிற்கும் பான்டே சிட்டி என்னும் உருளை வடிவக் கட்டடம் இவ்வரலாற்றைத் தன் உடலிலேயே தாங்கியுள்ளது. 54 மாடிகளுடன் 1975-இல் கட்டி முடிக்கப்பட்ட அது, நடுவே வானம் தெரியும் வெற்றிடம் உடையது. குப்பை அள்ளுவார் இன்மையால் மக்கள் மேலிருந்து எறிந்த கழிவு, அவ்வெற்றிடத்தில் பல மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்த காலமும் உண்டு. பின்னர் அதனைத் துப்புரவாக்கினர். இன்று குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளைகள் பள்ளி சென்று வருகின்றனர்.

இவ்வளவும் ஈண்டு எடுத்துரைத்தது ஒரு காரணம் பற்றியே. ஹில்பிரோவைப் பற்றி அயலார்க்கு அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் அங்குள்ளார் அனைவரையும் கள்வரெனவே கருதி உரைக்கின்றனர். அஃது அறமன்று என்பது ஒருபுறம் இருக்க, அயலானுக்கு அதனால் பயனும் இல்லை. எல்லோரையும் அஞ்சுபவன் நல்லோன் ஒருவன் எச்சரித்தாலும் செவிகொடான். அஞ்சி விலகிச் சென்று அஞ்சவேண்டியவனிடமே அகப்படுவான். தெருவில் ஆயிரவர் காய்கறி விற்றுக்கொண்டும், வேலைக்கு விரைந்துகொண்டும், பிள்ளைகளைக் கைப்பிடித்து நடந்துகொண்டும் இருக்கின்றனர். அவர்களிடையே திரியும் சிலருடைய கண் உடனே விற்றுக் காசாக்கத்தக்க பொருள்மீது மட்டுமே செல்கிறது. அப்பொருளுள் முதன்மையானது கைபேசி.

எரிகோவுக்கு இறங்கிச் சென்ற வழிப்போக்கனின் உவமையை ஞாயிறு பள்ளியில் கேளாதார் நம்மில் இலர். அவன் தனியே சென்றான் என்பதை மட்டும் எந்த ஆசிரியரும் எமக்கு அழுத்திக் கூறியதில்லை.

என் சிறிய தந்தையார் சுரங்கப் பொறிகள் வாங்குவது குறித்துச் சில ஆண்டுகட்கு முன் ஜோகன்னஸ்பர்க் சென்றிருந்தார். விமான நிலையத்திலிருந்து கௌட்ரெயின் என்னும் விரைவு வண்டி சான்ட்டன் வரை செல்லும். அங்கே வண்டி மாறி நகர நடுவிலுள்ள பார்க் ஸ்டேஷனை அடையலாம். நிலையத்தின் உட்புறம் காவல் மிக்கது. ஆனால் வாயிலைத் தாண்டியதும் வேறோர் உலகம். சிற்றுந்துகள் நூற்றுக்கணக்கில் ஆரவாரிக்கும் அந்நெரிசலில், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் பார்ப்பவன், தான் புதியவன் என்பதைப் பறையறைந்து தெரிவிக்கின்றான். அவரும் அவ்வாறே நின்றார். கையிற் பணம் இல்லாமையால் தெருவோரத்து ஏ.டி.எம். பொறி ஒன்றை அணுகினார். பொறி அட்டையை ஏற்க மறுத்தது. பின்னால் நின்ற, நன்கு உடுத்த ஒருவர், "ஐயா, அட்டையை இப்படித் திருப்பிப் போடுங்கள்" என்று ஆங்கிலத்தில் கூறி, அட்டையை வாங்கித் துடைத்து, மீண்டும் கையிற் கொடுத்துச் சென்றார். கொடுத்தது வேறோர் அட்டை என்பது அரைமணி நேரங் கழித்தே விளங்கிற்று. இரகசிய எண்ணை அழுத்தும்போதே அம்மனிதர் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

ஆதலின், பொறியருகே உதவ வருபவர் எத்துணை இன்சொல்லராயினும் அவர் கையில் அட்டையைக் கொடுக்கலாகாது. பொறி அட்டையை விழுங்கிவிட்டதாயின், அவ்விடத்தை விட்டு நகருமுன் வங்கியை அழைத்து அதனை முடக்குதல் வேண்டும். அங்காடியின் உள்ளேயோ வங்கியின் உள்ளேயோ உள்ள பொறியைப் பகலிற் பயன்படுத்துதலே தக்கது. வங்கியின் அழைப்பு எண்ணைத் தனித் தாளில் எழுதி வைத்திருப்பதும் நன்று. கைபேசி பறிபோனால் அதனுள் இருக்கும் எண்ணும் உடன்போகும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கடவுச்சீட்டைத் தங்கும் அறையில் பூட்டிவிட்டு, சான்றுறுதி பெற்ற நகலொன்றை உடன்கொள்ளலாம். அன்றைச் செலவுக்கு வேண்டிய பணம் மட்டும் சட்டைப்பையில் இருந்தாற் போதும். கத்தியையோ துப்பாக்கியையோ காட்டிக் கேட்பவனிடம் கொடுத்துவிடுவதே அறிவுடைமை. ஆங்கே கள்வர்பால் துப்பாக்கி இருத்தல் அரிதன்று. வீரம் காட்டுதற்குரிய இடம் அதுவன்று.

வழி கேட்க வேண்டுமாயின், தெருவில் நின்று கைபேசியைத் திறவாது கடையொன்றினுள் புகுந்து பார்க்கவோ கேட்கவோ செய்க. மோட்டாரிற் செல்வோர்க்கும் ஒரு சொல். தென்னாப்பிரிக்கர் போக்குவரத்து விளக்கை 'ரோபோ' என்று அழைப்பர். "அடுத்த ரோபோவில் திரும்புங்கள்" என்று கேட்டு முதன்முறை திகைக்காதார் இல்லை. அந்த ரோபோவில் வண்டி நிற்கும் நொடியில் கண்ணாடியை உடைத்து, இருக்கைமேல் உள்ள பையைப் பற்றிக்கொண்டு ஓடுவது அந்நகரக் கள்வரின் பழகிய தொழில். பையை வண்டியின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டுவது ஏறுமுன்னரே செய்யவேண்டிய செயல். சேருமிடத்தில் இறங்கி நின்று வைத்தால் பார்ப்பவர் பார்த்துவிடுவர். நீல விளக்கிட்டுப் போலீஸார் போலத் தொடர்ந்து வந்து மறிக்கும் கள்வரும் உளர். ஐயம் எழுமாயின் இடர்விளக்குகளை எரியவிட்டு, மெதுவாகச் செலுத்திப் போலீஸ் நிலையத்தையோ மக்கள் நடமாட்டமுள்ள பெட்ரோல் நிலையத்தையோ அடைந்து நிறுத்துதல் வேண்டும். போலீஸாரை அழைக்கும் எண் 10111, கைபேசியிலிருந்து 112.

இரவைப் பற்றிக் கூறுதற்கு ஒன்றே உண்டு: பொழுது சாய்ந்தபின் அங்கு நடத்தல் கூடாது. ஆண்டின் இறுதி இரவிலோ வண்டியிற் செல்வதும் ஆகாது. பழைய நாற்காலி, மெத்தை முதலிய தட்டுமுட்டுப் பொருள்களை, சிற்சில வேளை குளிர்ப்பெட்டியையே, மாடி முகப்பிலிருந்து தெருவில் எறிந்து புத்தாண்டை வரவேற்பது ஹில்பிரோவிற் பெயர்போன வழக்கம். அதனை அடக்குதற்கென்றே போலீஸார் ஆண்டுதோறும் அணிவகுத்துச் செல்வர்.

நிற்க. இதுகாறும் அயலான் என்று நாம் கூறியது, ஒரு கிழமை தங்கித் திரும்பும் பயணியை. ஹில்பிரோவில் அவனினும் மிகப் பலராய் வேறோர் அயலார் உளர்: ஜிம்பாப்வே, காங்கோ, நைஜீரியா, மலாவி, மொசாம்பிக் நாடுகளிலிருந்து பிழைப்பு நாடி வந்தோர். நமக்கு இடர் ஒரு பிற்பகல் மட்டுமே. அவர்க்கோ அஃது அன்றாடம். 2008-ஆம் ஆண்டு மே மாதம் அலெக்சாண்டிராக் குடியிருப்பில் தொடங்கி நாடெங்கும் பரவிய கலகத்தில், அயல்நாட்டார் என்ற ஒரே குற்றத்துக்காகத் தாக்கப்பட்டோர் எண்ணிலர். 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் அயலாரெனத் தவறாகக் கருதப்பட்ட அந்நாட்டு மக்களும் இருந்தனர். அவ்வாண்டுகளில் நகர நடுவிலுள்ள மத்திய மெதடிஸ்த திருச்சபை தன் கதவுகளைத் திறந்துவைக்க, ஜிம்பாப்வேயினர் பலர் படிக்கட்டுகளிலும் நடைவழிகளிலும் படுத்துறங்கினர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் விடியுமுன், நகர நடுவில் மார்ஷல்டவுன் பகுதியிலுள்ள ஐந்துமாடிக் கட்டடமொன்றில் தீப்பற்றி 70-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் அயல்நாட்டார். நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்களின் நடமாட்டச் சீட்டுகளைக் கட்டுப்படுத்திய அலுவலகமாயிருந்தது அக்கட்டடம். கைப்பற்றப்பட்ட கட்டடங்களுள் புகைப்படம் எடுக்கப் புகும் பயணிகள், தம் உயிர்க்கு இடர் என்பதை மட்டுமன்றி, தாம் படமெடுப்பது வேறு போக்கிடம் இல்லாத ஒருவர் படுக்குமிடம் என்பதையும் எண்ணுதல் நலம். கேளாது படமெடுப்பதால் எழும் சினமும் ஓர் இடரே; அச்சினம் நியாயமானதுங்கூட.

எனவே அப்பகுதியைக் காண விழைவோர் அங்கு வாழ்வோருடனேயே செல்லல் வேண்டும். பான்டே சிட்டியில் 2012-இல் தோன்றிய 'டிலாலா என்ஜே' என்னும் அமைப்பு, அவ்வூரை அறிந்த வழிகாட்டிகளுடன் அயலாரை ஹில்பிரோவினூடே நடத்திச் சென்று, அவ்வருவாயால் அக்கட்டடத்துப் பிள்ளைகளுக்கு விளையாடவும் கற்கவும் இடமமைத்தது. 'சும்மா விளையாடு' என்பது அப்பெயரின் பொருளாம். வழிகாட்டி தெருவோரக் கடைக்காரரை வாழ்த்துகிறார். அவர் இவரை வாழ்த்துகிறார். பத்துக் கடைகளில் முகமறிந்த ஒருவருடன் செல்பவன்மேல் கைவைத்தால் பார்ப்பவர் பலர், அடையாளம் கூறுவார் பலர் என்பது கள்வனுக்குத் தெரியும்.

என் சிறிய தந்தையாரின் அட்டை மாறிய செய்தியை முதலிற் கண்டுகூறியவர், அவர் தங்கிய விடுதியின் வாயிற்காவலர், மலாவி நாட்டினர், ஹில்பிரோவில் ஒன்பதாம் மாடியில் வாழ்பவர். தொலைபேசியில் வங்கியை அழைத்து முடியுமட்டும் உடன் நின்றார். கொடுத்த பணத்தை வாங்க மறுத்தார். மறு ஞாயிறன்று அவர்க்கு ஓய்வுநாள். தாம் செல்லும் ஆலயத்துக்கு வருமாறு அழைத்தார். சிறிய தந்தையார் கைபேசியையும் கைக்கடிகாரத்தையும் அறையில் வைத்துவிட்டு, காணிக்கைக்கென்று சிறிது பணம் மட்டும் எடுத்துக்கொண்டு, ஹில்பிரோவின் தெருக்களில் அவர் பக்கத்தே நடந்து சென்று, செவாப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் மாறிமாறி ஒலித்த மூன்று மணிநேர ஆராதனையில் அமர்ந்திருந்தார். பகல் இரண்டு மணிக்கு அவரே விடுதிவரை கொண்டுவந்து விட்டுத் திரும்பினார்.