சக்கரத்தை மறந்த விமானம்

முள்ளிப்பட்டு என்ற ஊரில் பட்டுத்தறியில் உட்கார்ந்து புட்டா போடுகிறவரை நடுவில் கூப்பிட்டுப் பாருங்கள், சட்டென்று திரும்பமாட்டார். திரும்பிவிட்டால் எத்தனையாவது ஊடையில் நின்றோம் என்பது போய்விடும். தப்பு சேலையிலேயே தெரியும், பிரித்து நெய்துகொள்ளலாம். விமானத்தில் விட்டுப்போன வேலை அப்படிக் கண்ணில் படாது.

2010 மே 27 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து வந்த ஜெட்ஸ்டார் விமானம் ஒன்று சிங்கப்பூர் சாங்கியில் இறங்கிக்கொண்டிருந்தது. 2,500 அடிக்கும் 2,000 அடிக்கும் நடுவே கேப்டனின் செல்பேசியில் குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து ஒலித்தன. அதை அணைக்கத்தான் கையில் எடுத்தார். பக்கத்திலிருந்த துணை விமானி இரண்டு முறை ஏதோ கேட்டார், பதில் இல்லை. பின்னால் விசாரித்தபோது, அவர் கேட்டது தன் காதிலேயே விழவில்லை என்றார் கேப்டன். 1,000 அடியில் துணை விமானிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று பிடிபடவில்லை. 720 அடியில் எச்சரிக்கை வந்தது: சக்கரங்கள் இன்னும் வயிற்றுக்குள்ளேயே இருந்தன! இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறினார்கள். அப்போது உயரம் 392 அடி. மறுமுறை பத்திரமாக இறங்கினார்கள்.

இருவர் ஓட்டிய பெரிய விமானத்திலேயே இப்படி என்றால், சக்கரம் மடங்கும் சிறிய விமானத்தைத் தனியாக ஓட்டுகிறவர் நிலை எப்படியிருக்கும்? (பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172-இல் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றின் சக்கரம் மடங்காது.) சக்கரம் இறக்காமல் எஞ்சின் விசையைக் குறைத்தால் ஹாரன் அலறும். அலறியும் வயிறு உரச, புரொப்பெல்லர் வளைய ஓடுதளத்தில் இறங்கியவர்கள் பலர். ஆட்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வருவார்கள். எஞ்சினைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஹாரன் எப்படிக் கேட்காமல் போகும்? காது தன் வேலையைச் செய்கிறது. கண்ணும் மனமும் ஒரு சிக்கலில் முழுதாக மாட்டிக்கொண்டால், வந்த ஒலிக்கு மூளை இடம் கொடுப்பதில்லை. பிரான்சில் பறப்புப் பாவனைக் கருவியில் விமானிகளை உட்காரவைத்து, இறங்கும் நேரத்தில் திடீர்க் காற்று வீச்சைக் காட்டி, கூடவே சக்கர எச்சரிக்கையையும் ஒலிக்கவிட்டார்கள். கணிசமானவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அலட்சியம் என்று திட்டுவது எளிது, எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இன்னொரு வலை, பழக்கம். நூறு தடவை செய்த வேலையில் ஒரு படி முடிந்ததும் அதுவே அடுத்ததை ஞாபகப்படுத்தும். நடுவில் வேறு விமானம் குறுக்கிட்டது, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேள்வி வந்தது என்றால் அந்தத் தொடர் அறும். திரும்பி வருகிறவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை. விட்டதாக நினைக்கும் இடத்திலிருந்து தொடர்கிறார். சக்கரம் இறக்கிய நேற்றைய நினைவு இன்றையதுபோல வந்து நிற்கும்.

அதனால்தான் சரிபார்ப்புப் பட்டியல் பாதியில் தடைப்பட்டால் முதல் வரியிலிருந்தே தொடங்கச் சொல்கிறார்கள். 1981-இல் அமெரிக்கா பயணிகள் விமானங்களுக்கு ஒரு விதி போட்டது: 10,000 அடிக்குக் கீழே விமானி அறையில் வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது. சிறிய விமானத்தில் அந்த அறைக்குக் கதவு கிடையாது. பக்கத்து இருக்கையில் மாமா உட்கார்ந்து, நம்ம ஊர் ஏரி எங்கே தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார்.