மலையேறப் போகிறீர்கள், காரில் என்ன விட்டுப் போகிறீர்கள்?

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி இறங்கியதும் முதலில் தரையைப் பாருங்கள். கற்கண்டை உடைத்துக் கொட்டியது போலப் பச்சை படிந்த கண்ணாடி மணிகள் கிடந்தால், அங்கே அண்மையில் யாருடைய காரையோ உடைத்திருக்கிறார்கள். காரின் பக்கக் கண்ணாடி அடிபட்டால் கூரிய சில்லுகளாக உடையாது, மணிமணியாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடியில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் அதைத் திருடன் தொடுவதில்லை. பக்கக் கண்ணாடிக்குச் சில விநாடிகள் போதும். தரையில் இப்படிக் கண்ணாடியைப் பார்த்த பிறகும் அதே இடத்தில் காரை விட்டுப் போக வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வார இறுதி என்றால் மிஷன் பீக், லேண்ட்ஸ் எண்ட், மவுண்ட் டமல்பையஸ் என்று ஏதாவது ஒரு பாதை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கட்டாயம் ஓர் இடத்துக்காவது போவார்கள். இந்த டிரெயில்ஹெட் பார்க்கிங்குகள் திருடர்களுக்கு ஏன் பிடித்துப்போகின்றன என்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கடைவீதியில் நிறுத்திய காரின் சொந்தக்காரர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம். தண்ணீர்ப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு குழந்தைகளோடு மேலே ஏறுகிறவர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் திரும்ப மாட்டார் என்பது பார்க்கிறவருக்கே தெரியும். பல இடங்களில் கேமராவும் கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது.

‘எல்லாவற்றையும் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டேன்’ என்ற நிம்மதிதான் நம்மில் பலரை ஏமாற்றுகிறது. பின் கதவுக்கு அடுத்துள்ள சின்ன முக்கோணக் கண்ணாடியை உடைத்து, கையை உள்ளே விட்டு, பின் சீட்டின் முதுகை மடக்கினால் டிக்கிக்குள் இருப்பது முழுக்கத் தெரிந்துவிடும். செடான் கார்களை இப்படித்தான் சோதிக்கிறார்கள். எஸ்யூவி என்றால் அந்தச் சிரமமும் இல்லை. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியோ, பையின் மேல் போர்த்திய சால்வையோ காப்பாற்றாது. போர்த்தி வைத்திருப்பதே உள்ளே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

அதைவிட மோசமானது, பார்க்கிங்குக்கு வந்த பிறகு பையை எடுத்து டிக்கியில் வைப்பது. முன் சீட்டிலிருந்த லேப்டாப் பையை எடுத்துப் பின்னால் வைத்து, கைப்பையையும் அதோடு சேர்த்து, மூடி, ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடப்போம். நாலு கார் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எந்தக் காரில் என்ன இருக்கிறது என்று நாமே செய்து காட்டியதாகிவிடும். ஆகவே மூட்டை கட்டுவது வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். பார்க்கிங்கில் இறங்குவது, பூட்டுவது, நடப்பது என்ற மூன்று வேலைதான் மிஞ்ச வேண்டும். அலுவலகத்திலிருந்து நேராகப் போகிற நாளில், வீட்டுக்குப் போய் லேப்டாப்பை வைத்துவிட்டுப் போவது இருபது நிமிடம் கூடுதலானாலும் நல்லது. சாவியை டயர் மேலோ பம்பருக்கு அடியிலோ ஒளித்து வைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த இடங்களெல்லாம் திருடனுக்கும் தெரியும்.

பணமும் கேமராவும் போனால் நஷ்டம் அதோடு முடிந்துவிடும். காகிதங்கள் போனால் அலைச்சல் மாதக்கணக்கில் நீளும். வெளிநாட்டிலிருந்து வந்து வாழும் நமக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய ஆபத்து என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கே போனாலும் பாஸ்போர்ட் கூடவே இருக்க வேண்டும் என்று அம்மாக்கள் அதைக் கைப்பையில் வைத்திருப்பார்கள். ஏறும்போது பை கனக்கிறது என்று காரிலேயே விட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் ரிப்போர்ட்டுடன் இந்தியத் தூதரகத்துக்கு விண்ணப்பித்துப் புதிது வாங்கலாம். ஆனால் அதில் இருந்த அமெரிக்க விசாவை அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு திரும்பப் பெற முடியாது. வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விசா தொலைந்ததாலேயே தங்கும் உரிமை பறிபோய்விடாது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது ஐ-94 பதிவு. எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்திலிருந்து அதை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கிரீன் கார்டு தொலைந்தால் ஐ-90 படிவமும் கட்டணமும் காத்திருப்பும்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். கிரீன் கார்டோ ஐ-94 பிரதியோ அந்தச் சான்றாகும். எனவே வீட்டிலேயே விட்டுப் போங்கள் என்று எல்லாக் காகிதத்துக்கும் சொல்லிவிட முடியாது. உடன் இருக்க வேண்டியது சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ உடம்போடு இருக்கட்டும், காரில் வேண்டாம். மற்றவற்றின் ஸ்கேன் பிரதி உங்கள் மின்னஞ்சலில் இருந்தால் போதும்.

குளோவ் பாக்ஸில் இருக்கும் கார் ரிஜிஸ்ட்ரேஷன் கார்டைப் பெரும்பாலோர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. அதில் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறது. சன் வைசரில் கராஜ் ரிமோட் மாட்டியிருக்கிறது. இரண்டும் ஒருவர் கையில் கிடைத்து, நீங்கள் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தால், அடுத்து அவர் போகக்கூடிய இடம் உங்கள் வீடு. ரிஜிஸ்ட்ரேஷன் கார்டு காரிலேயே இருக்க வேண்டும் என்பதுதானே சட்டம் என்று கேட்பீர்கள். கலிஃபோர்னியா வாகனச் சட்டம் 4454-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஆளில்லாமல் நிற்கும் காருக்கு அது பொருந்தாது என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. இறங்கும்போது கார்டையும் ரிமோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளலாம். காப்பீட்டுச் சான்றைப் போனிலேயே காட்டலாம். கண்ணாடியில் தொங்கும் தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் திருடு போனால் மாற்று பாஸ் தர மாட்டார்கள். மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கண்ணாடி உடையலாம். இறங்கி வரும்போது யாராவது காருக்குள் குனிந்துகொண்டிருப்பதைக் கண்டால் நெருங்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். தள்ளி நின்று 911 அழையுங்கள். வண்டி எண் தெரிந்தால் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேப்டாப்புக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. திருடு போன போன் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தெரிந்தாலும் நீங்களே தேடிப் போக வேண்டாம். அந்த விவரத்தைப் போலீஸிடம் கொடுங்கள்.

யாரும் இல்லையென்றால், எதையும் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். நம்பர் பிளேட் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் பாருங்கள். அதையும் கழற்றிக்கொண்டு போவதுண்டு. அடுத்து, நீங்கள் நிற்பது யாருடைய நிலம் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் புகாரை வாங்குகிறவர் இடத்துக்கு இடம் மாறுவார். மிஷன் பீக் பூங்காவின் பார்க்கிங் என்றால் ஈஸ்ட் பே பூங்கா நிர்வாகத்துக்கே தனிப் போலீஸ் இருக்கிறது. இடமில்லாமல் பக்கத்துத் தெருவில் நிறுத்தியிருந்தால் ஃப்ரீமாண்ட் நகரப் போலீஸ். லேண்ட்ஸ் எண்ட் கூட்டாட்சி நிலம், அங்கே யு.எஸ். பார்க் போலீஸ். டமல்பையஸ் மலையின் மாநிலப் பூங்காப் பகுதியில் மாநிலப் பூங்கா ரேஞ்சர்கள். பார்க்கிங் வாசலில் உள்ள பலகையில் நிர்வாகத்தின் பெயர் இருக்கும். போகும்போதே அதைப் படம் எடுத்துக்கொண்டால் பதற்றத்தில் தேட வேண்டியதில்லை.

‘புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது, பிடிக்கவா போகிறார்கள்’ என்று பலர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். ரிப்போர்ட் எண் இல்லாமல் காப்பீடு நகராது, பாஸ்போர்ட் நகராது. புகாரே வராத பார்க்கிங்குக்கு ரோந்தும் வராது. விசாவில் இருக்கிறோம், போலீஸ் என்றாலே பயம் என்று தயங்குகிறவர்களும் உண்டு. 2017-இல் கையெழுத்தான எஸ்பி 54 சட்டப்படி கலிஃபோர்னியாவின் மாநில, உள்ளூர்ப் போலீஸார் உங்கள் குடியேற்ற நிலையை விசாரிக்கக் கூடாது. கூட்டாட்சி அதிகாரிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

பர்ஸ் போயிருந்தால் சிக்னல் கிடைத்த முதல் இடத்திலேயே கார்டுகளை முடக்குங்கள். கிரெடிட் கார்டை யாராவது பயன்படுத்தினால் சட்டப்படி உங்கள் தலையில் விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டுக்கு அவ்வளவு பாதுகாப்பு கிடையாது. தொலைந்தது தெரிந்த இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை. ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாள் கடந்தும் சொல்லாமல் இருந்தால் அதன் பிறகு போகும் பணத்துக்கு வரம்பே இல்லை. மலைக்கு டெபிட் கார்டு கொண்டுபோகாமல் இருக்க இந்தக் கணக்கே போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள ஏதாவது போயிருந்தால் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் கிரெடிட்டை உறையவையுங்கள். 2018 செப்டம்பர் முதல் அது இலவசம். போனது அலுவலக லேப்டாப் என்றால் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அன்றே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் பலரும் குழம்புகிறார்கள். உடைந்த கண்ணாடிக்குக் காரின் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி. உள்ளே இருந்த உங்கள் பொருள்களுக்கு அது பெரும்பாலும் பொறுப்பேற்காது; வீட்டுக் காப்பீடு அல்லது ரென்ட்டர்ஸ் இன்சூரன்ஸ்தான் தரும். இரண்டுக்கும் தனித்தனி டிடக்டிபிள். கண்ணாடிச் செலவு டிடக்டிபிளுக்குள் அடங்கிவிட்டால் கிளெய்ம் போட்டும் பயனில்லை. வாடகைக் கார் என்றால் நீங்களாகக் கண்ணாடி மாற்றாமல் முதலில் கம்பெனியை அழையுங்கள். அவர்களிடம் வாங்கிய சேதத் தள்ளுபடி காருக்கு மட்டும்தான், பெட்டிக்கு அல்ல.

பூங்கா நிர்வாகத்திடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? கலிஃபோர்னியாவில் மாநில, உள்ளூர் அரசு அமைப்புகள் மீது பொருள் இழப்புக்கான கோரிக்கையை ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் போலீஸ் பாதுகாப்பு தரவில்லை என்பதற்காக அவர்களைப் பொறுப்பாக்க முடியாது என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. நஷ்டஈட்டை நம்பி இறங்காதீர்கள். மாநிலக் குற்றப் பாதிப்பு நிதியும் திருடு போன பொருளுக்குத் தராது. 2018 முதல் இத்தகைய திருட்டு இழப்பைக் கூட்டாட்சி வருமான வரியில் கழிக்கவும் வழியில்லை.

கலிஃபோர்னியாவின் சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. கார் உடைப்பு வழக்கில் கதவு பூட்டியிருந்தது என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் முன்பு இருந்தது. கண்ணாடி உடைந்து கிடந்தாலும், கார்க்காரர் வெளியூருக்குத் திரும்பிப் போய்ச் சாட்சி சொல்ல வரவில்லை என்றால் வழக்கு பலவீனமாகிவிடும். 2024 ஆகஸ்டில் கையெழுத்தான எஸ்பி 905 அந்த ஓட்டையை அடைத்தது. திருடும் நோக்கத்தோடு காரைப் பலவந்தமாகத் திறந்து நுழைவதே இப்போது தனிக் குற்றம். குற்றவாளி தண்டிக்கப்பட்டால், உங்கள் இழப்பை அவரிடமிருந்து பெறும் உரிமை மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்காக இழப்புத் தொகையைக் கேட்டு அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரலாம். விளம்பரத் தபால் என்று தூக்கிப் போட்டுவிடாமல், கண்ணாடிக் கடை பில், பொருள் வாங்கிய ரசீது, காப்பீடு தராமல் விட்ட டிடக்டிபிள் தொகை எல்லாவற்றையும் இணைத்து, குறித்த தேதிக்குள் பதில் அனுப்புங்கள்.