வீட்டுச் சாவி யார் கையில் என்பதல்ல, உறுதி யாருடைய பெயரில் என்பதே கேள்வி

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் போன்ற எமது ஊர்களில் ஒரு வீட்டில் பெண்பிள்ளை பிறந்தால், அன்றிலிருந்தே இன்னொரு வீட்டுக்கான கணக்கும் தொடங்கிவிடுகிறது. மூன்று மகள்மார் என்றால் மூன்று வீடுகள். வாப்பாவின் உழைப்பு, உம்மாவின் நகை, கட்டாரிலும் சவூதியிலும் நிற்கும் சகோதரனின் சம்பளம் எல்லாம் கல்லுக்கும் கம்பிக்கும் சீமெந்துக்கும் போய்ச் சேருகின்றன.

பெண் வீட்டாரிடம் வீடு எதிர்பார்ப்பது சரிதானா என்ற விவாதம் எம்மத்தியில் நீண்டகாலமாக நடக்கிறது. அது தொடர்ந்து நடக்கவும் வேண்டும். ஆனால் இக்கட்டுரை பேசவருவது அதற்கு அடுத்த விடயத்தை. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதையும் விழுங்கும் அந்த வீட்டின் பத்திரங்களை நாம் எந்தளவு கவனிக்கிறோம்? வாசலுக்கு எந்த நிற டைல்ஸ் என்று ஒரு மாதம் யோசிக்கும் நாம், உறுதியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறையேனும் முழுமையாக வாசிப்பதில்லை. பின்னர் பிரச்சினை வரும்போது உடன்பிறந்தவர்கள் மாவட்ட நீதிமன்ற வாசலில் எதிரெதிராக நிற்கிறார்கள்.

காசு போட்டவர் வேறு, உரிமையாளர் வேறு

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய அடிப்படை இதுதான்: காணி யாருடையதோ, அதில் எழும்பும் கட்டடமும் அவருடையதே. மற்றவருடைய காணியில் நல்லெண்ணத்துடன் கட்டியவர் தன் செலவுக்கு நட்டஈடு கேட்கலாம். அதற்கும் வழக்காடி, பற்றுச்சீட்டுகளையும் சாட்சிகளையும் காட்டி நிரூபிக்க வேண்டும். ஆனால் கட்டிய காரணத்தால் மட்டும் அவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

பத்து வருடம் வெளிநாட்டில் நின்று அனுப்பிய பணத்தில், வாப்பாவின் பெயரிலுள்ள வளவில் வீடு கட்டும் மகனுக்கும் இதே நிலைதான். மனைவியின் சீதனக் காணியில் தன் உழைப்பில் மேல்மாடி கட்டும் கணவனுக்கும் இதேதான். மறுபுறம், மாப்பிள்ளையின் பெயரிலுள்ள காணியில் பெண் வீட்டார் பணம் போட்டு வீடு கட்டிக் கொடுத்தால், அந்தப் பெண்ணுக்கும் இதே நிலைதான். கைக்கூலியாகக் கொடுத்த பணத்தைக் காதி நீதிமன்றத்தில் கோரலாம். காணி உரிமை பற்றிய வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அது நீண்ட பயணம்.

எனவே பணம் போடுவதற்கு முன்னரே பேசி முடிவெடுக்க வேண்டும். அது அன்பளிப்பா, கடனா, பங்கா? பங்கு என்றால் அந்தப் பங்கை உறுதியில் எழுத வேண்டும். கடன் என்றால் கடன் பத்திரம் எழுத வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று சூரா அல்-பகராவின் 282ஆவது வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. சொந்தச் சகோதரனிடம் எழுத்துக் கேட்பது நம்பிக்கையீனமல்ல, மார்க்கம் காட்டிய ஒழுங்கு.

வெள்ளைக் கடதாசியில் காணி மாறாது

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியோ வீடோ கைமாற வேண்டுமானால் அது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டி ஊர்ப் பெரியவர்கள் கையொப்பமிட்ட கடதாசி, பேச்சுவார்த்தைக்கு உதவலாம், உரிமையை மாற்றாது.

உறுதி எழுதினால் மட்டும் போதாது, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். ஒரே காணியை ஒருவர் இருவருக்கு எழுதிக் கொடுத்து, பிந்தி எழுதியவர் பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அவர் பக்கமே நிற்கும். காணி வாங்குவதற்கு முன் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதும், உறுதி எழுதியபின் அது பதியப்பட்டதா என்று நேரில் உறுதிப்படுத்துவதும் வாங்குபவரின் கடமை. பொதுவாக 30 வருடப் பதிவுகளையாவது பார்ப்பது வழக்கம். வங்கிகளும் அதையே கேட்கின்றன.

2004 டிசம்பர் 26 சுனாமியில் உறுதிகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் எமது கரையோரத்தில் ஏராளம். நொத்தாரிசு தான் எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் கிடைப்பதைக் கொண்டு அத்தாட்சிப்படுத்திய பிரதியொன்றைக் கேட்டுப் பெறலாம். இதுவரை எடுக்காதவர்கள், விபரம் தெரிந்த மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எடுத்துக்கொள்வது நல்லது.

நன்கொடை உறுதியில் இரண்டு வசனங்கள்

மகளுக்கு வீடு கொடுக்கும்போது எழுதப்படுவது பெரும்பாலும் நன்கொடை உறுதி. முஸ்லிம்கள் எழுதும் நன்கொடைக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு முக்கியமானது. அதில் நாம் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, திரும்பப் பெற முடியாதது என்று உறுதியிலேயே குறிப்பிடப்படாவிட்டால், அந்த நன்கொடை திரும்பப் பெற முடியாததாகக் கருதப்படமாட்டாது. மகளுக்கு எழுதியாயிற்று, இனி யாரும் அசைக்க முடியாது என்று நினைத்திருக்கும் பலரின் உறுதியில் அந்த வசனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ப்பதா விடுவதா என்பது பெற்றோரின் முடிவு. ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

இரண்டு, உறுதியை நன்கொடை பெறுபவரிடம் ஒப்படைப்பது, சொத்தின் உடைமையை ஒப்படைத்ததற்குச் சான்றாக ஏற்கப்படும். எழுதிய உறுதியை வாப்பா தன் அலுமாரியிலேயே பூட்டி வைத்து, அப்படியே மௌத்தாகிவிட்டால், கொடுப்பது பூர்த்தியாகவில்லை என்று ஏனைய வாரிசுகள் வாதிட இடமுண்டு. கொடுப்பதானால் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் பெற்றோரின் கதி? எமது பகுதியில் அதிகம் பேசப்படாத வேதனை இதுதான். கடைசி மகளுக்கு, தாங்கள் குடியிருக்கும் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்கு ஒதுங்குகிறார்கள். மகள் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்வரை பிரச்சினையில்லை. மகள் முந்தி மௌத்தானால் அல்லது கடனுக்காக வீடு விற்கப்பட்டால், முதிய வயதில் அவர்களுக்கு அந்தக் கூரையின்மீது எழுத்தில் உரிமை ஏதுமில்லை.

இதற்கு வழி, தமது சீவிய உருத்தை ஒதுக்கிவைத்து உறுதி எழுதுவது. இருவரும் மௌத்தாகும்வரை அந்த வீட்டில் வசிக்கவும் அனுபவிக்கவும் உள்ள உரிமை அது. ஆனால் சீவிய உருத்து வைத்து எழுதும் நன்கொடைக்கு மேற்சொன்ன 3ஆம் பிரிவின் முஸ்லிம் சட்டம் பொருந்தாது, நாட்டின் பொதுச் சட்டமே பொருந்தும். அதனால் மகள் அதை ஏற்றுக்கொண்டதும் உறுதியிலேயே பதிவாக வேண்டும். இந்த வித்தியாசத்தை நொத்தாரிசிடம் கேட்டு விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள்.

பிள்ளைகளுக்கிடையில் நீதியும் இங்கேதான் வருகிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்கு அவரது தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டு, இல்லை என்றதும் அதற்குச் சாட்சியாக மறுத்த சம்பவம் நாம் அறிந்ததே. மூத்தவளுக்கு மாடி வீடு, இளையவளுக்கு அத்திவாரம், மகனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவதைத்தான் பின்னர் நாம் குடும்பப் பகை என்கிறோம்.

பெர்மிட் காணியா, முதலில் பிரதேச செயலகம்

அரச காணிக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட உத்தரவுப் பத்திரமோ அளிப்புப் பத்திரமோ கையில் இருந்தால், அது தனியார் உறுதிக் காணியைப் போன்றதல்ல. பிரதேச செயலாளரின் முன் அனுமதியின்றி அதைக் கைமாற்ற முடியாது. மீறி எழுதினால் அது செல்லாது. நினைத்தபடி துண்டு போட்டு மகள்மாருக்குப் பிரிக்கவும் முடியாது.

செய்ய வேண்டியது, பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகத்தில் பெயர் குறித்துப் பதிவதுதான். பெயர் குறிக்காமல் உரிமையாளர் மரணித்தால் உரிமை சட்டம் சொல்லும் வரிசைப்படி போகும். அந்த வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கு இருந்த முன்னுரிமை 2022இல் வந்த திருத்தத்துடன் நீக்கப்பட்டது. இருந்தாலும் பெற்றோர் மனதில் நினைத்த மகளுக்கே அது போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

12 பேர்ச்சஸ் கணக்கு

எதுவும் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாப்பா 12 பேர்ச்சஸ் வளவும் வீடும் விட்டு மௌத்தாகிறார். அவரது பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 1.5 பேர்ச்சஸ். மிகுதி 10.5இல் மகனுக்கு 5.25, மகள் ஒவ்வொருவருக்கும் 2.625.

நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிகளின்படி நகரப் பகுதியில் பிரிக்கப்படும் காணித் துண்டொன்று பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, ஏறத்தாழ 6 பேர்ச்சஸுக்குக் குறையக்கூடாது. மேற்சொன்ன நால்வரில் ஒருவருக்கேனும் அந்தளவு வரவில்லை. பங்கு மார்க்கப்படி சரி. நிலத்தில் கோடு போட முடியாது. ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்க வேண்டும், அல்லது விற்றுப் பணத்தைப் பிரிக்க வேண்டும். இணக்கம் இல்லாவிட்டால் 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டப்படி வழக்கு. அதிலும் முடிவு ஏலமாக இருக்கலாம். பத்து வருடமாக நான்தான் இருக்கிறேன் என்று ஒரு வாரிசு மற்ற வாரிசுகளின் பங்கை இலகுவில் தனதாக்கிக்கொள்ளவும் முடியாது.

இட நெருக்கடியால் இப்போது கீழ்த்தளம் மூத்தவளுக்கு, மேல்மாடி இளையவளுக்கு என்ற வழி பரவியிருக்கிறது. யோசனை நல்லது. ஆனால் கீழ்க் காணி முழுவதையும் மூத்தவளுக்கு எழுதிவிட்டு, மேல்மாடியை வாயால் இளையவளுக்குக் கொடுத்தால், இளையவளிடம் எழுத்தில் எதுவுமில்லை. மாடிகளைத் தனித்தனிச் சொத்தாக்க 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். அது சிரமம் என்றால், காணியைப் பிரிக்கப்படாத சரிபாதிப் பங்குகளாக இருவருக்கும் எழுதி, யார் எந்தத் தளம், படிக்கட்டும் கிணறும் யாருக்கு என்பதை நொத்தாரிசு மூலம் உடன்படிக்கையாக்கலாம்.

கட்டுமுன் சபைக்குப் போங்கள்

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி கட்டுவதற்கு முன் மாநகர சபையின் அல்லது உரிய உள்ளூராட்சி சபையின் அனுமதியும், கட்டி முடித்துக் குடியேறுமுன் இணக்கச் சான்றிதழும் வேண்டும். மதில் கட்டும்போது மட்டும் சபையை நினைப்பதும், முறைப்பாடு வந்தால் ஆள் பிடிப்பதும் எமக்குப் பழகிவிட்டது. ஆனால் நாளை வீட்டை விற்கவோ, வட்டியில்லா முறையில் வங்கியில் வீட்டு நிதி பெறவோ போனால், உறுதி, நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட வீட்டு வரைபடம் எல்லாம் கேட்பார்கள். அனுமதி மீறிய பகுதி அன்று பெறுமதியைக் குறைக்கும்.

அனுமதி என்பது வெறும் கடதாசிப் பிரச்சினையும் அல்ல. 6 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,633 சதுர அடி. 30 அடி அகலமானால் நீளம் 54 அடிதான். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வதுண்டு. எமது மணற்பாங்கான கரையோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கிறது. இந்தத் துண்டுக்குள் அந்தத் தூரத்தை எப்படி விடுவது? உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தள்ளி இருந்தாலும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அருகில் இருக்கும். சிறிய துண்டில் கட்டுபவர் குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீரை நம்புவதே பாதுகாப்பு.

ஒழுங்கையும் அப்படியே. ஒவ்வொருவரும் மதிலை அரை அடி வெளியே தள்ளியதில், அம்பியூலன்ஸ் நுழையாத, சந்தூக்கைத் திருப்ப முடியாத ஒழுங்கைகள் எத்தனை! வடிகானை மூடிப் படி கட்டியவர் வீட்டுக்கும் மாரி காலத்தில் அதே வெள்ளம்தான் வருகிறது.

நிகாஹுக்கு முன் ஒரு நாள்

திருமணப் பேச்சில் வீடு பற்றிப் பேசப்படுமானால், அதற்கென ஒரு நாளை ஒதுக்குங்கள். உறுதியையும் நில அளவைப் படத்தையும் மேசையில் வையுங்கள். பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். சோலைவரி யார் பெயரில், மின்சாரமும் நீரும் யார் பெயரில் என்று பாருங்கள். ஆனால் அந்தப் பற்றுச்சீட்டுகளை உரிமைப் பத்திரமாக நினைத்துவிடாதீர்கள். பெற்றோரின் சீவிய உருத்தை முதலில் பேசுங்கள், பிறகு மகளின் உரிமையை. வெளிநாட்டில் இருக்கும் மகனின் பணம் எதற்குப் போகிறது என்பதை அவனுக்கும் சொல்லுங்கள். மகளையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். அவள் பெயரில் எழுதப்படுவதை அவள் வாசித்திருக்க வேண்டும்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் வருடத்தில் ஒருமுறையாவது ஒரு சட்டத்தரணியையும் நில அளவையாளரையும் அழைத்து, மஹல்லாவாசிகளின் உறுதிகளை வாசித்து விளக்கும் நிகழ்ச்சியொன்றை நடத்தலாம். பெரிய செலவில்லை. ஒரு குடும்பத்தின் வழக்குச் செலவை விட நிச்சயமாகக் குறைவு. ஜனாஸா அடக்கிய மறுவாரமே பங்குச் சண்டை தொடங்கும் வீடுகளின் எண்ணிக்கையை அது குறைக்கும், இன்ஷா அல்லாஹ்.