கை பிசையும் சிறுமிகள்

வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஆந்திரியாஸ் ரெட்டைப் பார்க்க 1954-ல் இரண்டு தாய்மார்கள் காத்திருந்தார்கள். மடியில் ஆளுக்கொரு பெண் குழந்தை. சோப்புப் போட்டுக் கழுவுவதுபோல் இரண்டும் ஓயாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தன, ஒன்றைப் பார்த்து ஒன்று செய்வதுபோல. ரெட்டுக்குப் பொறி தட்டியது. 1966-ல் கட்டுரை எழுதினார். ஜெர்மன் மொழியில் என்பதாலோ என்னவோ, அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1983-ல் ஸ்வீடனின் ஹாக்பெர்க் குழு 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகே 'ரெட் குறைபாடு' என்ற பெயர் பரவியது.

அதைப் படித்திருந்த மருத்துவர் ஹுடா சோக்பியிடம் அதே ஆண்டு ஹூஸ்டனில் அப்படியொரு சிறுமி வந்தாள். சோக்பி பெய்ரூட்டில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும்போது லெபனான் உள்நாட்டுப் போர் துரத்த, அமெரிக்கா வந்தவர். ஒன்றரை வயதுவரை ஓடியாடிய குழந்தை, கற்ற சொற்களையும் கையால் பொருளைப் பிடிப்பதையும் எப்படி மறக்கும்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாத நோய் இது. பரம்பரையைப் பிடித்துக்கொண்டு தேடவும் வழியில்லை. 16 ஆண்டு கழித்து, 1999-ல், அவரது ஆய்வகத்தில் ரூத்தி அமீர் எக்ஸ் குரோமோசோமில் பழுதைக் கண்டுபிடித்தார்: மெக்பி2 என்ற மரபணு. அதன் புரதத்தை எடின்பரோவின் ஏட்ரியன் பேர்டு 1992-லேயே கண்டறிந்திருந்தார், நோயோடு அதற்குள்ள உறவு தெரியாமலே. மற்ற மரபணுக்களின் வேலையை அடக்கி ஆளும் புரதம் அது.

2007-ல் பேர்டு குழு, இந்த மரபணுவை முடக்கி எலிகளை நோயில் தள்ளிவிட்டு, பிறகு அதை மீண்டும் இயக்கியது. சாகக் கிடந்த எலிகள்கூட எழுந்து நடமாடின. நரம்புச் செல்கள் செத்துப்போகவில்லை, முடங்கித்தான் கிடந்தன.

அப்படியென்றால் நல்ல மரபணுவைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். இந்தப் புரதம் சமையல் உப்பு மாதிரி. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். இதே மரபணு இரட்டித்துப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு வேறொரு கடுமையான மூளைக் குறைபாடு வருகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு; ரெட் சிறுமிக்கு அவற்றில் ஒன்றில்தான் பழுது. ஒவ்வொரு செல்லிலும் ஒன்றுதான் வேலை செய்யும். ஆகவே ரெட் சிறுமியின் மூளையில் ஏறக்குறைய பாதிச் செல்கள் ஏற்கெனவே நன்றாக இருக்கின்றன. வெளியிலிருந்து செலுத்தும் மரபணுவுக்கு எந்தச் செல் பசித்தது, எந்தச் செல் உண்டது என்று தெரியாது.

2023-ல் அமெரிக்கா அனுமதித்த ட்ரோஃபினெடைடு மருந்து அறிகுறிகளைத்தான் குறைக்கும். இப்போது சிறுமிகளிடம் சோதிக்கப்படும் மரபணுச் சிகிச்சைகளிலோ, புரதம் அளவு மீறாமல் இழுத்துப் பிடிக்கும் கடிவாளத்தையும் சேர்த்தே வைத்து அனுப்புகிறார்கள்.