லேத்தில் போன விரலுக்கு இழப்பீடு உண்டு

மாடல் விமானத்துக்காக ஆர்வலர்கள் சொந்தமாகச் செய்துகொள்ளும் 2.5 சி.சி. இஞ்சினின் பிஸ்டன், ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் விட்டம்தான். பல இஞ்சின்களில் ரிங்கே கிடையாது. வார்ப்பிரும்பு பிஸ்டனும் எஃகு லைனரும் சில மைக்ரான் இடைவெளியில் ஒட்டி ஓடினால்தான் கம்ப்ரெஷன் நிற்கும். இப்படி ஒன்றிரண்டு உருப்படி மட்டும் வேண்டுமென்றால் பெரிய தொழிற்சாலை எடுத்துக்கொள்ளாது. சென்னையின் யானைக்கவுனி, ராயபுரம் சந்துகளில் உள்ளதுபோன்ற ஒற்றை லேத்துப் பட்டறைகளைத்தான் தேடிப் போக வேண்டும்.

ஆபத்து கடைசி மைக்ரானில் இருக்கிறது. கடைசல் முடிந்ததும் கிராங்க் ஷாஃப்டை மெருகேற்ற, சுழலும் தண்டின்மேல் எமரி பேப்பரைச் சுற்றி விரலால் பிடிப்பார்கள். பேப்பர் தண்டில் சிக்கினால் விரலையும் சேர்த்துச் சுருட்டிவிடும். கையுறை போட்டிருந்தால் கையே உள்ளே போகும். அதனால்தான் ஓடும் லேத்தில் கையுறையும் தொளதொளத்த சட்டையும் கூடாது. எமரியை மரத்துண்டிலோ அரத்திலோ வைத்துப் பிடிக்கலாம். "சாயங்காலத்துக்குள்ள வேணும்ணே" என்று அவசரப்படுத்தும் வாடிக்கையாளருக்கும் இதில் பொறுப்பு உண்டு.

விரல் துண்டானால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்து எடுத்துப் போக வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் திசு கெட்டுவிடும். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த அதன் கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்தது.

அங்கேதான் உரிமையும் தொடங்குகிறது. "வீட்டில் கதவிடுக்கில் நசுங்கியது என்று சொல்லிவிடு" என்று முதலாளி கெஞ்சலாம். சொல்லாதீர்கள். வேலையின்போது லேத்தில் அடிபட்டது என்று மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறவேண்டும். சம்பளச் சீட்டே இல்லாத பட்டறைத் தொழிலாளிக்கு அதுதான் முதல் சாட்சி.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. காயத்தால் வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லாத சிறு பட்டறை என்றால் முதலாளியே இழப்பீடு தரவேண்டும். மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் இந்தப் பொறுப்பு உண்டு. 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கிறது. கட்டைவிரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடும், ஒரு கையின் நான்கு விரல்களையும் இழந்தால் 50 விழுக்காடும் போனதாகச் சட்டம் கணக்கிடுகிறது. வயதையும் சம்பளத்தையும் சேர்த்துத் தொகை முடிவாகும்.

"உன் கவனக்குறைவுதானே" என்று சொல்லி முதலாளி தப்பமுடியாது. ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்கும் தாளும் செல்லாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் இழப்பீடு கேட்டு மனு கொடுக்கலாம். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேளுங்கள்.