எண்ணிம உருமாதிரிச் செயல்திட்டங்களும் மாணவர் மென்திறன்களும்: திருப்பத்தூர் மாவட்டக் காலணித் தொழிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எண்ணிம உருமாதிரிக் கருவிகளைக் கொண்டு அமையும் செயல்திட்டவழிக் கற்றல் மாணவரின் மென்திறன்களை வளர்க்கும் என்பது பரவலான கருத்து. மென்பொருளைப் பயன்படுத்துவதால் மட்டும் அவ்வளர்ச்சி நிகழ்வதில்லை. ஒருவர் ஆக்கிய உருமாதிரியை மற்றொருவர் பெற்றுப் பொருளாக்கும் கைமாற்றத்தில்தான் அது நிகழ்கிறது. இதனைக் காலணி வடிவமைப்பின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மென்திறன், செயல்திட்டவழிக் கற்றல், எண்ணிம உருமாதிரி, காலணி வடிவமைப்பு, ஆம்பூர்.

முன்னுரை

வேலூர் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 28 அன்று பிரிந்து உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடுதலுக்கும் காலணி ஏற்றுமதிக்கும் பெயர் பெற்றவை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி (1919), திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி (1951) முதலியவை இப்பகுதியின் உயர்கல்விக்கு நெடுங்காலமாக இடமளித்து வருகின்றன. பொதுவாகக் கல்லூரிகளில் மென்திறன் பயிற்சி என்பது ஆங்கிலத் தன்னறிமுகம், தன்விவரக் குறிப்பு, மாதிரி நேர்காணல் என்ற அளவிலேயே பெரிதும் நின்றுவிடுகிறது. காலணித் தொழிற்கூடத்தில் தையல் வேலை செய்யும் தாயைப் பற்றித் தன்னறிமுகத்தில் சொல்லத் தயங்கும் மாணவருக்கு அப்பயிற்சி எதைக் கற்பிக்கிறது என்பது எழுப்பத்தக்க வினா.

கருத்தாக்கப் பின்னணி

மென்திறன் என்னும் சொல்லாட்சி அமெரிக்கப் படைத்துறைப் பயிற்சியில் உருவானது. 1972இல் அத்துறை நடத்திய கருத்தரங்கு, இயந்திரங்களோடு தொடர்புடைய பணித்திறன்களிலிருந்து மனிதரோடு தொடர்புடையவற்றைப் பிரித்துக் காண முயன்றது. இப்பிரிவினையே பாடத்திட்டங்களிலும் தொடர்கிறது; கணினி ஓரிடத்திலும் உரையாடல் வேறிடத்திலும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றை இணைக்கும் வழி புதியதன்று. நோக்கமுள்ள செயலே கல்வியின் அலகு என வில்லியம் கில்பாட்ரிக் 1918இலேயே எழுதினார். பிறர் காணத்தக்க ஒரு பொருளை ஆக்கும்போது கற்றல் ஆழப்படும் என்பது சீமோர் பாப்பெர்ட்டின் நிலைப்பாடு.

காலணி வடிவமைப்பு என்னும் களம்

காலணியின் வடிவம் ‘லாஸ்ட்’ எனப்படும் கால்வடிவ அச்சிலிருந்து தொடங்குகிறது. மரபான முறையில் அச்சின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, கோடுகள் வரைந்து, வெட்டியெடுத்துத் தட்டையாக்குவர். உட்புற, வெளிப்புறப் பாதிகளின் சராசரியிலிருந்து மேற்பகுதியின் பேட்டர்ன் பிறக்கும். இருபுறமும் வளைந்த பரப்பைச் சிதைவின்றித் தட்டையாக்க இயலாது என்பது காஸ் 1827இல் நிறுவிய தேற்றத்தின் விளைவு; உலகப் படம் வரைவோருக்கும் இதே இடர்ப்பாடுதான். தோலின் நெகிழ்வே காலணியில் அக்குறையைச் சரிசெய்கிறது. பிளெண்டர் போன்ற கட்டற்ற மென்பொருளிலும் வளைபரப்பை விரித்துக் காட்டும் வசதி உண்டு. ஆகவே விலையுயர்ந்த தொழில்முறை மென்பொருள் இல்லாத கல்லூரியும் இச்செயல்திட்டத்தைத் தொடங்கலாம்.

திரையில் விரிந்த பேட்டர்ன் மாணவருக்கு நிறைவானதாகத் தோன்றும். அதை வெட்டுநரிடம் கொடுக்கும்போதுதான் ஐயங்கள் எழும். மென்பொருள் தோலை ஒரே சீரான தாளாகக் கருதுகிறது. முதுகுப் பகுதி இறுக்கமானது, வயிற்றுப் பகுதி தளர்வானது என்பதும், உண்ணிக்கடித் தழும்பையும் கீறலையும் தவிர்த்தே துண்டுகளை அடுக்கவேண்டும் என்பதும் வெட்டுநர் அறிந்தவை. அடுத்து தையல். ஓரத்தைச் சீவி மடிப்பதற்கான கூடுதல் அளவு பேட்டர்னில் விடுபட்டிருந்தால், வரைபடம் எவ்வளவு அழகாயினும் தைப்பவர் அதைத் திருப்பித்தான் தருவார். பிழையை ஒப்புக்கொள்ளுதல், தன் வரைவின் காரணத்தை எளிய தமிழிலோ இப்பகுதியில் வழங்கும் உருதுவிலோ எடுத்துரைத்தல், எதிர்க்கருத்தைப் பொறுமையாகக் கேட்டல் ஆகியன இவ்விடத்தில் தேவையாகின்றன. பெண்களே மிகுதியாகப் பணிபுரியும் இத்தொழிலில், மாணவரின் தாயோ அத்தையோ இங்கு மதிப்பிடும் வல்லுநராகிறார். தன்னறிமுகத்தில் மறைக்கப்பட்ட வேலை, செயல்திட்டத்தில் அறிவு மூலமாகிறது.

நடைமுறைச் சிக்கல்கள்

நால்வர் குழுவுக்கு ஒரு கணினி என்னும் ஏற்பாட்டில் சுட்டியைப் பிடிப்பவர் ஒருவர், பார்ப்பவர் மூவர் என்ற நிலை எளிதில் உருவாகிவிடும். பெரும்பாலும் முன்பே கணினிப் பழக்கம் உள்ளவரே அந்த ஒருவர். குழுப்பணி என்று பெயரிடப்படும் இது, தனிப்பணியும் மூன்று சாட்சிகளுமே. அளவெடுப்பவர், உருமாதிரி அமைப்பவர், அட்டையில் வெட்டுபவர், தைப்பவரிடம் கருத்துக் கேட்டுப் பதிபவர் எனப் பணிகளைப் பிரித்து, ஒவ்வொரு திருத்தச் சுற்றிலும் அவற்றை மாற்றினால் இக்குறை பெருமளவு நீங்கும். தொழிற்கூட நேரம் பணியாளரின் உற்பத்தி இலக்கோடு பிணைந்தது. ஆதலால் அவரது அறிவுரைக்குக் கல்லூரி மதிப்பூதியம் வழங்குவது முறை. இலவச உதவியாக அதை எதிர்பார்ப்பது மாணவருக்குத் தவறான பாடத்தைக் கற்பிக்கும்.

மதிப்பீட்டில் இறுதி உருமாதிரிக்கு மட்டும் மதிப்பெண் அளித்தால் திறமையான ஒருவரின் உழைப்பே நால்வருக்கும் பகிரப்படும். ஒவ்வொரு திருத்தத்தின் கோப்பும் தனித்தனியே சேமிக்கப்பட வேண்டும். யார் சொல்லி, எக்காரணத்தால், எத்தனை மில்லிமீட்டர் மாற்றப்பட்டது என்ற குறிப்பு அதனுடன் இணைக்கப்பட வேண்டும். முதல் கோப்புக்கும் கடைசிக் கோப்புக்கும் இடையில் எம்மாற்றமும் இல்லாத குழுவிடம், எவரிடமும் காட்டினீர்களா என்று ஆசிரியர் கேட்க வேண்டும்.